அந்த நேர்கோடு எந்த மீன்? எக்செல் வரைபுகளோடு ஏழு வருட அனுபவம்

கிண்ணியாவில் நெல் வியாபாரம் செய்யும் நண்பர் போன கிழமை போன் எடுத்துக் கேட்டார்: “எக்செலுக்குக் காசு கட்டலாமா, இல்லாட்டி இலவசமாக் கிடைக்கிறதோட சமாளிக்கலாமா?” ஒரு மாதத்துக்கு முன்பு கேட்டிருந்தால் யோசிக்காமல் கட்டச் சொல்லியிருப்பேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. ஏன் என்று அவருக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

திருகோணமலை உப்புவெளிப் பக்கம் சில சம்மாட்டிமாருக்கு, அதாவது வள்ளமும் வலையும் வைத்திருக்கும் முதலாளிமாருக்கு, கணக்கு எழுதுகிறேன். மீன் நிறை, ஐஸ், மண்ணெண்ணெய், ஆட்கூலி எல்லாம் ஏழு வருடமாக எக்செலில்தான் இருக்கின்றன. கூட்டல் கழித்தலில் அது ஒருநாளும் என்னைக் கைவிட்டதில்லை. பிரச்சினை வரைபில்தான்.

சென்ற மாதம் மீனவர் சங்கக் கூட்டத்துக்கு ஒரு வரைபு கேட்டார்கள். 2018 முதல் 2023 வரை, மாதச் சராசரியாக எவ்வளவு மீன் ஏறியது என்று. முதல் நிரலில் (மேலிருந்து கீழாகப் போகும் வரிசையில்) ஆண்டு, பக்கத்து நிரல்களில் சூரை, பாரை, கீரி என்று மூன்று மீன்கள். எல்லாவற்றையும் தெரிவு செய்து கோட்டு வரைபு போட்டேன். அழகாக வந்தது. அச்சடித்துக் கொடுத்தேன்.

கூட்டத்தில் மூத்த சம்மாட்டி ஒருவர் தாளை வெளிச்சத்துக்குப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு விரலை வைத்துக் கேட்டார்: “தம்பி, நேராக் கிடக்கிற இந்தக் கோடு எந்த மீன்? கடல் ஒருநாளும் இப்பிடி ஒரே அளவாத் தந்ததில்லையே.”

மூன்று மீனுக்கு நாலு கோடு. நாலாவது கோடு மீனே இல்லை, ஆண்டு. 2018, 2019, 2020 என்ற எண்களை எக்செல் கிலோ என்று எடுத்துக்கொண்டு கோடாக வரைந்துவிட்டது. எங்கள் மீன் நிறையும் 1,700க்கும் 2,400க்கும் இடையில் இருந்ததால் அந்தப் பொய்க்கோடு மற்றவற்றுக்கு நடுவில் சாதுவாகப் போய்ப் படுத்துக்கொண்டது. கீழே கிடை அச்சில் ஆண்டு இருக்க வேண்டிய இடத்தில் 1, 2, 3, 4, 5, 6. நிறை நூறு இருநூறாக இருந்திருந்தால் ஆண்டுக்கோடு உச்சியில் தனியாக நின்று என் கண்ணில் பட்டிருக்கும்.

காரணம் சின்னது. முதல் நிரலில் ‘தை’, ‘மாசி’ என்று எழுத்து இருந்தால் எக்செல் அதை அச்சுக்கான பெயர் என்று எடுத்துக்கொள்ளும். எண் இருந்தால், அதற்கு மேலே தலைப்பும் இருந்தால், அதுவும் ஒரு தரவு என்று எடுத்துக்கொள்ளும். வரைபு போடுவதற்கு முன்பு ‘ஆண்டு’ என்ற அந்தத் தலைப்பை மட்டும் அழித்து, மேல் இடது மூலைக் கலத்தை வெறுமையாக விட்டால் சரியாக வரும். வரைபு போட்டாகிவிட்டது என்றால் அதன் மேல் வலது சொடுக்குப் போட்டு ‘செலக்ட் டேட்டா’வுக்குள் போக வேண்டும். இடது பெட்டியில் ஆண்டை நீக்கிவிட்டு, வலது பெட்டியில் ‘எடிட்’ அழுத்தி ஆண்டுகள் இருக்கும் கலங்களை, தலைப்பை விட்டுவிட்டுத் தெரிவு செய்ய வேண்டும். தெரிந்தவருக்கு அரை நிமிட வேலை. தெரியாதவர் எத்தனை கூட்டங்களில் எத்தனை பொய்க்கோடுகளைக் காட்டிக்கொண்டிருக்கிறாரோ.

அந்த ‘எடிட்’ பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். உள்ளே கலங்களின் முகவரி எழுதியிருக்கும். கடைசி எண்ணை மட்டும் 7இலிருந்து 8 ஆக்கலாம் என்று அம்புக்குறி விசையைத் தட்டினால், குறி நகராது. பெட்டிக்குள் வேறு ஏதோ கலத்தின் முகவரி வந்து ஒட்டிக்கொள்ளும். அழிப்போம், மறுபடி தட்டுவோம், மறுபடி ஒட்டும். நாலு வருடம் இதோடு மல்லுக்கட்டிய பிறகுதான், முதலில் எஃப் 2 விசையை அழுத்த வேண்டும் என்று தற்செயலாகக் கண்டுபிடித்தேன். அழுத்தியதும் அம்புக்குறி சொன்னபடி கேட்கிறது. அந்தப் பெட்டியில் இதைச் சொல்ல ஒரு சொல்கூட இல்லை. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வரும்.

சரி, நல்லதையும் சொல்லத்தான் வேண்டும். வரைபில் ஒரு கோட்டைச் சொடுக்கினால், அது எந்தக் கலங்களிலிருந்து வருகிறது என்று அட்டவணையில் நிறச் சட்டங்கள் தோன்றும். அச்சுப் பெயர்களுக்கு ஊதா, எண்களுக்கு நீலம், தலைப்புக்குச் சிவப்பு. நீலச் சட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் புதிய ஆண்டின் எண்ணும் கோட்டில் சேர்ந்துவிடும். எந்தப் பெட்டிக்குள்ளும் போகத் தேவையில்லை. இதை முதன்முதலாகக் கண்ட இரவு பழைய கோப்புகளை எல்லாம் திறந்து ஒவ்வொரு கோடாகச் சொடுக்கிப் பார்த்தேன். இரண்டு வருடக் கணக்கில் அடியில் இருந்த ‘மொத்தம்’ என்ற நிரையும் சட்டத்துக்குள் கிடந்தது. கடைசியில் கோடு ஏன் தென்னை மரம் போல ஏறியது என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

இன்னொன்று, நான் குறை என்று நினைத்து நிறையாக முடிந்தது. நாளாந்தக் கணக்கில் திகதியைப் போட்டுத் தூண் வரைபு வரைந்தால், இடையிடையே வெறும் இடம் விடும். மார்கழி வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்துக் கிடக்கும். வள்ளம் இறங்காத நாட்களை நான் எழுதுவதில்லை. எழுதாத நாட்களுக்கும் எக்செல் இடம் விட்டிருந்தது. அசிங்கமாக இருக்கிறது என்று அச்சுத் தெரிவுகளுக்குள் போய் ‘டெக்ஸ்ட் அக்ஸிஸ்’ (எழுத்து அச்சு) என்று மாற்றினேன். தூண்கள் நெருங்கி அழகாக நின்றன. ஆனால் பார்ப்பவருக்கு வள்ளங்கள் தினமும் கடலுக்குப் போனது போலத் தெரியும். அப்புறம் பழையபடி ‘டேட் அக்ஸிஸ்’ (திகதி அச்சு) ஆக்கிவிட்டேன். அந்த வெறும் இடம்தான் அந்த வீடுகளில் உலை வைக்கக் கஷ்டப்பட்ட நாட்கள். அது வரைபில் தெரியத்தான் வேண்டும்.

மண்ணெண்ணெய் வரைபும் அப்படித்தான். 2022 ஆகஸ்ட்டில் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரேயடியாக ஏறியது. மீன் நிறையோடு சேர்த்து வரைந்தபோது, ஆயிரக்கணக்கான கிலோவுக்குப் பக்கத்தில் அந்த ஏற்றம் அடியில் ஒரு சின்ன மேடாகத்தான் தெரிந்தது. விலைக்கோட்டை மட்டும் வலப்பக்கத்து இரண்டாவது அச்சுக்கு மாற்றினேன். மலை போல எழுந்து நின்றது. மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு எஞ்சின் வைத்திருப்பவர்கள் யாரும் அதற்கு விளக்கம் கேட்கவில்லை.

மீன் பெயர்கள் ஒன்றுவிட்டு ஒன்று மறைவதும் உண்டு. நெத்தலி இருக்கும், அறக்குளாவைக் காணாது. பெயர்களுக்கான இடைவெளியை 1 என்று கொடுத்தால் எல்லாம் வந்துவிடும். அதைப் பெரிய குறையாக நான் சொல்ல மாட்டேன்.

இவ்வளவையும் கேட்ட நண்பர், “அப்ப நல்ல சாமான்தானே, கட்டுறன்” என்றார். வேண்டாம் என்றேன்.

எக்செல் போலவே கணக்கு எழுத உதவும் லிப்ரே ஆபிஸ் இலவசம். வரைபு போடும்போதே ‘முதல் நிரலைப் பெயராக எடுக்கவா’ என்று ஒரு கட்டம் வைத்துக் கேட்கிறது. கூகுள் ஷீட்ஸிலும் அதே மாதிரி ஒரு கட்டம் உண்டு. நிறச் சட்டத்தை இழுக்கும் சுகத்துக்கு அவற்றில் ஈடு இல்லை, எக்செல் வரைபின் அழகும் வராது. ஆனாலும் கேட்கின்றன. எக்செல் கேட்காமல் தானே முடிவு செய்துவிட்டுப் பேசாமல் இருக்கிறது. டொலர் விலைக்குச் சந்தா கட்டுகிறவன் அந்த ஒரு கேள்வியை எதிர்பார்ப்பது நியாயம்தானே?

தலைப்பை அழித்து, திருத்திய வரைபை அடுத்த நாளே அந்தச் சம்மாட்டியின் கடற்கரை வாடிக் கொட்டிலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வலையை ஒரு பக்கம் வைத்துவிட்டுத் தாளை வாங்கினார். கோடுகளை விரலால் எண்ணினார். மூன்று. பிறகு கீழே ஆண்டுகளை ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்தார்.