மண்ணா, காற்றா? வீட்டுக்கு எந்த ஹீட் பம்ப்

புவிவெப்பம் என்றதும் எரிமலையும் வெந்நீர் ஊற்றும்தான் நினைவுக்கு வரும். வீட்டுக்குப் போடும் புவிவெப்ப ஹீட் பம்பில், அதாவது ஓரிடத்து வெப்பத்தை எடுத்து இன்னோரிடத்தில் விடும் இயந்திரத்தில், அப்படி எதுவும் இல்லை. பத்து மீட்டர் ஆழத்துக்குக் கீழே போனால் மண்ணின் வெப்பநிலை கோடை, குளிர்காலம் என்று பெரிதாக மாறுவதில்லை. அந்தந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டியே நிற்கும். அந்த நிலையான மண்ணில் குழாயைப் புதைத்து, குளிர்காலத்தில் வெப்பத்தை உறிஞ்சி வீட்டுக்குள் விடுகிறோம்; கோடையில் வீட்டின் வெப்பத்தை மண்ணுக்குள் தள்ளுகிறோம். இவ்வளவுதான் விஷயம்.

இதற்கு நேர்ப் போட்டி, வெளிக்காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்ப். உள்ளே இருக்கும் இயந்திரம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: கம்ப்ரசர், குளிரூட்டி வாயு, ஃபிரிட்ஜில் இருக்கும் அதே தத்துவம். இயற்பியலாளர் கெல்வின் பிரபு 1852-லேயே இதை எழுதிவைத்துவிட்டார். வெப்பத்தை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

அது சின்ன வித்தியாசம் இல்லை. வெளியே மைனஸ் 10 டிகிரி, வீட்டைச் சூடாக்க அறைத் தளத்துக்குள் ஓடும் குழாய்க்கு 35 டிகிரித் தண்ணீர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். காற்று வகை 45 டிகிரி ஏற்ற வேண்டும். மண்ணிலிருந்து வரும் திரவமோ அதே நாளில் 3, 4 டிகிரியில் வந்து சேரும். ஏற்ற வேண்டியது 31, 32 டிகிரிதான். ஏற்றம் குறைந்தால் மின்சாரமும் குறையும். போதாததற்கு, காற்று வகையின் வெளி யூனிட்டில் உறைபனி படியும். அதை உருக்க இயந்திரம் அவ்வப்போது வேலையை நிறுத்திவிட்டுத் திருப்பி ஓட வேண்டும். குளிர் ஏற ஏற அதன் திறனும் இறங்கும். நமக்கு அதிக வெப்பம் தேவைப்படுவதோ சரியாக அந்த நேரத்தில்தான்.

ஒரு பருவம் முழுக்கக் கணக்குப் பார்த்தால், ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் காற்று வகை சுமார் 3 யூனிட் வெப்பமும் மண் வகை சுமார் 4 யூனிட்டும் தரும். நன்றாகப் போட்டிருந்தால், அதாவது. கேஸ் எரித்து வீட்டைச் சூடாக்கும் பாய்லர் எவ்வளவு உயர்ந்ததானாலும் எரித்ததைவிட அதிகம் தராது. ஆனால் மின்சாரம் கேஸைவிட மூன்று மடங்கு விலை என்றால், காற்று வகையின் லாபம் பில்லில் கண்ணுக்கே தெரியாது.

சரி, அப்படியானால் எல்லோரும் மண்ணுக்கே போய்விடலாமே? போக விடாமல் இழுப்பது தோண்டும் செலவு. பத்து கிலோவாட் வெப்பம் கேட்கும் வீட்டுக்கு, அதில் ஏழரை கிலோவாட் மண் தர வேண்டும்; மீதி மின்சாரத்திலிருந்து வரும். துளையின் ஒவ்வொரு மீட்டர் ஆழமும் 50 வாட் தரும் என்று வைத்தால் 150 மீட்டர் ஆழ்துளை. தாராளமான தோட்டம் இருந்தால், ஒன்றரை மீட்டர் ஆழத்தில் கிடைமட்டமாகக் குழாய் பரப்பலாம். செலவு குறையும், ஆனால் அங்கே மண்ணின் வெப்பநிலை பருவத்தோடு ஆடும், செயல்திறன் கொஞ்சம் இறங்கும். நிலத்தடி நீரையே எடுத்துத் திருப்பி விடும் முறையும் உண்டு. நல்ல நீரும் அனுமதியும் இருந்தால் பலே, இல்லாவிட்டால் தொல்லை.

துளை போடுவதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஜெர்மனியின் ஷ்டௌஃபென் ஊரில் 2007-ல் நகர மண்டபத்துக்காகத் துளைகள் போட்டார்கள். நிலத்தடி நீர் அன்ஹைட்ரைட் என்ற, நீர் பட்டால் உப்பும் கனிமத்தின் அடுக்குக்குள் புகுந்தது. அது ஜிப்சமாக மாறி உப்பியது. ஊரே மெல்ல மேலெழும்பி இருநூறுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் விரிசல் விட்டன. இப்படி நடப்பது அபூர்வம். ஆனாலும், அடியில் என்ன பாறை என்று பார்க்காமல் துளையிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

குளிர்விப்பில் கதை ஊருக்கு ஊர் மாறும். மண் 12 டிகிரியில் இருக்கும் இடத்தில் கோடைக் குளிர்ச்சி கிட்டத்தட்ட இலவசம். கம்ப்ரசரைக்கூட ஓட்டாமல் திரவத்தைச் சுற்றவிட்டாலே வீடு குளிரும். ஆண்டு முழுக்க வெயில் அடிக்கும் ஊரில் மண்ணே 27, 28 டிகிரியில் இருக்கும். அங்கே காற்றுக்கும் மண்ணுக்கும் இடைவெளி குறைவு. அதைவிட, ஆண்டு முழுக்க வெப்பத்தை உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தால் மண் வருடா வருடம் சூடேறும். அந்த மாதிரி ஊரில் நல்ல இன்வெர்ட்டர் ஏசி போதும் என்பேன்.

ஆயுளில் மண் வகைக்கே வெற்றி. வெளியே மின்விசிறிச் சத்தம் இல்லை, வெயில் மழையில் நனையும் பெட்டி இல்லை. புதைத்த பாலிஎதிலீன் குழாய் ஐம்பது ஆண்டுகள் தாங்கும். உள்ளே இருக்கும் இயந்திரத்தை மட்டும் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் மாற்றினால் போதும்.

கடும் குளிர், புது வீடு, நீண்ட காலம் அங்கேயே இருக்கும் எண்ணம் — இந்த மூன்றும் சேர்ந்தால் நான் மண்ணையே தேர்வு செய்வேன். மிதமான குளிர், பழைய வீடு என்றால் முதலில் சுவருக்கும் கூரைக்கும் வெப்பக்காப்பு, அப்புறம் காற்று வகை. எதுவானாலும், வீட்டின் வெப்ப இழப்பைக் கணக்கிடாமல் சதுர அடியை மட்டும் கேட்டுவிட்டு இத்தனை மீட்டர் துளை என்று சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.