நோய்ஸ் கேன்சலிங் ஹெட்போன்: ரெயினுக்கு அஞ்சு ஸ்டார், ஒபிசுக்கு ரெண்டு

முதல்லயே சொல்லிடுறன், இது பேஸ், ட்ரெபிள் எண்டு பிரிச்சு மேயிற ரிவியூ இல்ல, அதுக்கு யூடியூப்பில ஆயிரம் பெடியள் இருக்கிறாங்கள். நான் கொழும்பில ஒரு கன்சல்டிங் கொம்பனியில வேலை செய்யிறன், இந்த ஹெட்போனை வாங்கினது பாட்டுக் கேக்கிறதுக்கு இல்ல, ஆக்களைக் கேக்காம இருக்கிறதுக்கு. கிட்டத்தட்ட ரெண்டு வருசம் ஒவ்வொரு நாளும் பாவிச்சுப்போட்டுத்தான் எழுதுறன். பிராண்ட் பேர் போடேல்ல. நான் சொல்லப்போற விசயம் இந்த விலையில வாற எல்லா ஹெட்போனுக்கும் பொருந்தும், பேந்து எங்கட ஒபிஸ் ஆக்கள் இதை வாசிச்சு ஆரெண்டு கண்டுபிடிக்கிறதுக்கு நான் ஏன் உதவி செய்ய.

2023 கடைசியில பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில வாங்கினன், 34,500 ரூபா. அந்த வருசம் ஜனவரியில இருந்து மாசம் ஒரு லட்சத்துக்கு மேல எடுக்கிற ஆக்களுக்கு வரி, மேல போகப் போக 36 வீதம் வரைக்கும் எண்டு வந்திருந்தது ஞாபகம் இருக்கும், எனக்கு இன்கிரிமென்ட் கிடைச்சும் கையில வந்தது பழைய சம்பளத்தை விடக் குறைவு, அந்த நேரத்தில இவ்வளவு காசைக் குடுத்து ஹெட்போன் வாங்கினது அம்மாவுக்கு இண்டைக்கும் தெரியாது. கடையில நிண்ட தம்பி பெட்டியை உடைச்சு என்ர தலையில மாட்டி "அண்ணா, இப்ப ஓன் பண்ணுறன் பாருங்கோ" எண்டான். ஏசி சத்தம் போச்சு. வெளியில காலி வீதியில போற பஸ்ஸின்ட உறுமல் போச்சு. காதுக்குள்ள ஆரோ பஞ்சு அடைச்ச மாதிரி ஒரு அமைதி. அப்பவே பேங்க் காட்டைக் குடுத்திட்டன். அந்தக் கடையில ஒரு மனேஜரும் நிண்டு கதைச்சுக்கொண்டு இருக்கேல்ல எண்ட விசயத்தை அப்ப நான் யோசிக்கேல்ல.

இது எப்பிடி வேலை செய்யுது எண்டு தெரிஞ்சால்தான் மிச்சம் விளங்கும், அதால கொஞ்சம் பொறுங்கோ. ஹெட்போனுக்கு வெளியில சின்ன மைக் இருக்கு, அது வெளிச் சத்தத்தை எடுத்து, அந்த அலைக்கு நேர் எதிரான அலையை உள்ளுக்குள்ள விடும், ரெண்டும் மோதி ஒண்டை ஒண்டு அடிச்சுப்போடும். இந்த யோசனை புதுசில்ல, 1936லயே போல் லூக் எண்டவர் இதுக்கு அமெரிக்காவில பேட்டன்ட் எடுத்திட்டார். ஹெட்போனுக்குள்ள இதைக் கொண்டுவரலாம் எண்டு போஸ் கொம்பனியைத் தொடங்கின அமர் போஸுக்குத் தோன்றினது 1978ல, சூரிச்சில இருந்து பொஸ்டனுக்குப் போன பிளேனில. எஞ்சின் இரைச்சலில பாட்டுக் கேக்கேலாமக் கிடக்க, அந்தப் பயணத்திலயே இருந்து கணக்குப் போட்டுப் பாத்தாராம். கடைசியில 1989ல பைலட்மாருக்கெண்டுதான் முதல் ஹெட்செட்டை விட்டவை. அதாவது இந்தச் சாமானே பிளேன் எஞ்சினுக்கெண்டு பிறந்தது. ஒரே மாதிரி, நிப்பாட்டாம, கீழ் சுருதியில இரையிற எதையும் அப்பிடியே விழுங்கும். சுருதி ஒரு ஆயிரம் ஹேர்ட்ஸுக்கு மேல போனால், அதுவும் சொல்லுக்குச் சொல் மாறுற மனிசக் குரல் எண்டால், கஸ்டம்.

அதால ரெயினில இது ஒரு தெய்வம். நான் வெள்ளவத்தையில ஏறி கோட்டையில இறங்கிற ஆள். டீசல் எஞ்சின்ட அந்தக் கடகட, தண்டவாளத்தின்ட உதறல் எல்லாம் போய், பக்கத்தில கடல் சத்தமில்லாம அடிக்கிறதைப் பாத்துக்கொண்டு போற இருபது நிமிசம்தான் என்ர ஒரு நாளில எனக்கெண்டு இருக்கிறது. 100ஆம் நம்பர் பஸ்ஸில எஞ்சின் சத்தம் போகும், ஆனால் முன்னுக்குப் போகச் சொல்லி கொண்டக்டர் சிங்களத்தில கத்திற "இஸ்ஸரட்ட யன்ன" போகாது. ஒரு விசயம் கட்டாயம் சொல்லவேணும்: வெள்ளவத்தைப் பக்கம் ஒழுங்கையளால கடற்கரைக்கு இறங்கிற ஆக்கள் தண்டவாளத்தைத் தாண்டேக்க இதைக் கழட்டிப்போட்டுத் தாண்டுங்கோ. ரெயின் சத்தத்தைத்தான் இது முதல்ல விழுங்கும். சும்மா பயப்படுத்திறன் எண்டு நினைக்காதேங்கோ.

இனி ஒபிஸ்.

எங்கடது ஓப்பின் பிளான், நடுவில சுவர் இல்ல. ஒருத்தருக்கும் சொந்த மேசை இல்ல, காலமை முந்தி வாற ஆளுக்கு ஜன்னல் பக்கம், பிந்தினால் பிரிண்டருக்குப் பக்கத்தில. நான் முதல் நாள் ஹெட்போனை மாட்டி ஓன் பண்ணினன், ஏசி இரைச்சல் போச்சு, அதோட ஒரு அதிசயம் நடந்தது: மூண்டு மேசை தள்ளிக் கதைக்கிறதெல்லாம் இன்னும் தெளிவாக் கேக்கத் தொடங்கிட்டுது. நான் நினைச்சன் சாமான் பழுதாக்கும் எண்டு. பழுதில்ல. அந்த ஏசி இரைச்சல்தான் இவ்வளவு நாளும் எல்லாற்ற கதையையும் ஒரு போர்வை மாதிரி மூடி வச்சிருந்திருக்கு, நான் 34,500 குடுத்து அந்தப் போர்வையை எடுத்துப்போட்டன். பாட்டுப் போட்டால் மறையும். ஆனால் எக்செல்லில நாலாயிரம் வரிசையைப் பாத்துக்கொண்டு இருக்கேக்க என்னால பாட்டுக் கேக்கேலாது.

இதில மோசம் என்னெண்டால், ஹெட்போன் போட்டிருக்கிற ஆளுக்குக் காது கேக்காது எண்டு எல்லாரும் நம்பிறது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறரை இருக்கும், எனக்குப் பின்னால ரெண்டு மனேஜர்மார். திங்கக்கிழமை பிரசென்டேசனுக்கு சனி ஞாயிறில ஆரைப் போடலாம் எண்டு கதைக்கினம். ஒருத்தர் சொல்லுறார், "அந்த மல்லியைப் போடுவம், அவனுக்குப் பிள்ளை குட்டி இல்ல, மாட்டன் எண்டு சொல்லவும் மாட்டான்." மல்லி எண்டால் சிங்களத்தில தம்பி, அது நான்தான். நான் திரும்பேல்ல. ஒரே செல்லுக்குள்ள ஒரே நம்பரை மூண்டு தரம் அடிச்சு அழிச்சுக்கொண்டு இருந்தன். பத்து நிமிசம் கழிச்சு அவர் வந்து தோளில தட்டினார், நான் ஒண்டும் தெரியாத ஆள் மாதிரி ஹெட்போனைக் கழட்டினன், "மல்லி, பைவ் மினிட்ஸ், உமக்கு ஒரு நல்ல லேர்னிங் ஒப்பச்சுனிட்டி வந்திருக்கு" எண்டார். அந்தச் சனிக்கிழமை மச்சாளின்ர கலியாண எழுத்து, வெள்ளவத்தையில ஒரு ஹோலில. நான் போய்ச் சேரேக்க போட்டோக்காரர் வயரைச் சுத்திக்கொண்டு இருந்தார். நான் படிச்ச லேர்னிங் என்னெண்டால் சார்ட்டில இருந்த பச்சையை கிளையன்ட்டின்ட லோகோப் பச்சைக்கு மாத்திறது. திங்கக்கிழமை பிரசென்டேசனை கிளையன்ட் அடுத்த கிழமைக்குத் தள்ளிப்போட்டுது.

பட்டரிக்கு முழு மார்க்ஸ். பெட்டியில 40 மணித்தியாலம் எண்டு போட்டிருந்தது, பொய்யில்ல. ஒருக்கா ஞாயிறு இரவு முழுசா சார்ஜ் பண்ணி திங்கள் காலமை கொண்டு போனன், புதன் இரவு பத்தேமுக்காலுக்கு, ஒரு ஸ்லைட்டில புட்நோட் திருத்திக்கொண்டு இருக்கேக்க, காதுக்குள்ள அந்தப் பொம்பிளைக் குரல் பட்டரி லோ எண்டு சொல்லிப்போட்டு ஓஃப் ஆகிட்டுது. அப்பதான் கணக்குப் பாத்தன், மூண்டு நாளில 40 மணித்தியாலம். ரெயினில போனதைக் கழிச்சாலும் 37, 38 வரும், சாப்பிடேக்க கழட்டி வச்சதை நான் சேர்க்கவே இல்ல. அதே மூண்டு நாளுக்கும் நான் போட்ட டைம்ஷீட்டில 24. கன்சல்டிங்கில ஒவ்வொரு மணித்தியாலமும் ஒரு கிளையன்ட்டின்ட கணக்கில எழுதப்படவேணும், உங்கட யூட்டிலைசேசன் எத்தினை வீதம் எண்டுதான் வருசக் கடைசியில பாப்பினம், ஆனால் உண்மையா வேலை செய்த எல்லாத்தையும் எழுதினால் புரொஜெக்ட் பட்ஜெட் உடைஞ்சு பார்ட்னருக்கு, அதாவது கொம்பனிப் பங்காளிக்கு, கணக்கு உதைக்கும், அதால "கொஞ்சம் பாத்துப் போடும்" எண்டு சொல்லுவினம். இதை ஒரு மெயிலிலயும் எழுத மாட்டினம், வாயாலதான். பாத்துப் போடுறம். பட்ஜெட்டுக்குள்ள முடிஞ்சுது எண்டு பார்ட்னர் கேக் வெட்டுவார், அடுத்த புரொஜெக்டை அதே பட்ஜெட்டில பிடிச்சுக்கொண்டு வருவார். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எங்கட டீமில மட்டும் நாலு பேர் மெல்பேர்ன், டொரொண்டோ எண்டு வெளிக்கிட்டிட்டினம், அவையின்ட கதிரை வெறுமையாக் கிடக்கு, வேலை மட்டும் எங்களிட்ட. என்னைப் பற்றின உண்மையான டைம்ஷீட் இந்த ஹெட்போனின்ட பட்டரிதான்.

மைக் பரவாயில்ல ரகம். வீட்டில இருந்து கோல் எடுக்கேக்க ஃபேன் சத்தத்தை வெட்டும். தெருவில பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விக்க வாற சூன் பாண் ஓட்டோவின்ட மெட்டை மட்டும் வெட்டாது, அது அப்பிடியே கிளையன்ட்டிட்டப் போகும். ஒருக்கா ஒரு பெரிய டிரெக்டர் கேள்வி கேட்டு எல்லாரும் அமைதியா இருக்கேக்க என்ர பக்கத்தால அந்த மெட்டு போச்சு, அவர் சிரிச்சுப்போட்டு "மாலுபாண் இருக்கா எண்டு கேளும்" எண்டார். அந்த புரொஜெக்டிலயே மனிசத்தனமான நிமிசம் அதுதான்.

பேந்து அப்ரைசல், அதான் வேலை மதிப்பீடு. எல்லாம் நல்லாச் செய்திருக்கிறீர், ஆனால் ஹெட்போன் போட்டுக்கொண்டு இருக்கிறதால டீமோட ஒட்டுறீரில்ல, கொலாபரேசன் குறைவு எண்டு எழுதியிருந்தினம். ஓப்பின் பிளான் வச்சதே எல்லாரும் முகம் பாத்துக் கதைக்கவாம். 2018ல ஹார்வர்ட் ஆக்கள் ரெண்டு பேர், ஓப்பின் பிளானுக்கு மாறின ரெண்டு பெரிய கொம்பனியளில ஆக்களின்ட கழுத்தில சென்சர் மாட்டி அளந்து பாத்தவை, முகம் பாத்துக் கதைக்கிறது கிட்டத்தட்ட 70 வீதம் குறைஞ்சு போய், அதுக்குப் பதிலா மெயிலும் மெசேஜும்தான் கூடினது. சுவரை எடுத்தால் ஆக்கள் தங்களுக்குள்ளயே ஒரு சுவரைக் கட்டுவினம், என்ர சுவர் 34,500 ரூபா, அவ்வளவுதான். இதை அங்க சொல்லேல்ல. "ஓம், இம்ப்ரூவ் பண்ணுறன்" எண்டு சொல்லிப்போட்டு வந்தன். எங்கட சீனியர் அக்கா ஒராள் மட்டக்களப்பு, அவ சொன்னா, "தம்பி, ஹெட்போனைக் கழட்டாத, ஒரு காதை மட்டும் வெளியில விடு, அப்ப நீ டீம் பிளேயர்." அண்டையில இருந்து வலது காது கொம்பனிக்கு, இடது காது எனக்கு. பகிடி என்னெண்டால் அப்ரைசல் எழுதின அதே மனேஜர் மூண்டு மாசம் கழிச்சு மெதுவா வந்து, இதை எங்க வாங்கினீர், எவ்வளவு எண்டு கேட்டார். அவருக்கு மேல இருக்கிற கொம்பனிப் பார்ட்னரின்ட குரல் அவருக்குப் போதும் போதும் எண்டு ஆகிட்டுதாம். நான் எல்லாத்தையும் சொன்னன், அந்த ஏசிப் போர்வை விசயத்தை மட்டும் சொல்லேல்ல.

மிச்சம் சின்னச் சின்ன விசயங்கள். கொழும்பு வேர்வைக்குக் காதுப் பஞ்சின்ட தோல் ஒண்டரை வருசத்தில உரியத் தொடங்கும், காலமை சேட்டில கறுப்புத் தூள் ஒட்டியிருந்தால் பயப்படாதேங்கோ, அது இதுதான். புறக்கோட்டையில முதலாம் குறுக்குத்தெருப் பக்கம் பஞ்சு மட்டும் வாங்கலாம், நீங்களே மாட்டலாம். கண்ணாடி போடுற ஆக்களுக்கு ரெண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு காதுக்குப் பின்னால நோகும். லப்டொப்பையும் போனையும் ஒரே நேரத்தில கனெக்ட் பண்ணலாம், பண்ணாதேங்கோ, அம்மாவின்ட கோல் கிளையன்ட் மீட்டிங்குக்கு நடுவில காதுக்குள்ள அடிக்கும்.

இதின்ட பில்லை ஒபிஸில கிளெயிம் பண்ணலாமோ எண்டு கேக்கிற ஆக்களுக்கு: நான் போட்டுப் பாத்திட்டன். பேர்சனல் ஐட்டம் எண்டு பைனான்ஸ் திருப்பி அனுப்பிட்டுது. இரவு ஒன்பதுக்குப் பிறகு வெளிக்கிட்டால் பிக்மீ டாக்சிக் காசு மட்டும் தருவினம், அதால எட்டேமுக்காலுக்கு வேலை முடிஞ்ச ஆக்களும் ஒன்பது மட்டும் இருந்து சும்மா ஸ்குரோல் பண்ணிக்கொண்டு இருப்பினம், அந்தக் கால் மணித்தியாலம்தான் எங்கட ஒபிஸ் உண்மையாவே அமைதியா இருக்கிற நேரம், அப்ப ஹெட்போன் தேவையே இல்ல.