நாவல் முதலிலா, படம் முதலிலா?

ஒரு நாவல் படமாகப் போகிறது என்று தெரிந்ததும் வாசகர்கள் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுகிறார்கள். படம் வருவதற்குள் வாசித்துவிட வேண்டும் என்பது ஓர் அணி. முதலில் படம் பார்ப்போம், பிடித்தால் புத்தகம் வாங்குவோம் என்பது இன்னொன்று. நான் இரண்டு வழியிலும் போய்ப் பார்த்திருக்கிறேன். என் ஓட்டு முதல் அணிக்குத்தான். காரணத்தை இரண்டு நாவல்களை வைத்தே சொல்லிவிடலாம்.

2019இல் ‘அசுரன்’ பார்த்த பிறகுதான் அதற்கு மூலமான பூமணியின் ‘வெக்கை’யைக் கையில் எடுத்தேன். 1982இல் வந்த சிறிய நாவல். வடக்கூரானின் கையை மட்டும் வெட்ட நினைத்துப் போன சிறுவன் சிதம்பரம், ஆளே செத்துப்போக, இருட்டில் ஓடுகிறான். அங்கே தொடங்கும் கதை, அப்பாவும் மகனும் எட்டு நாள் ஒளிந்து திரிவதோடு முடிகிறது. நாவல் முழுக்க அந்தப் பையனின் மனசை ஒட்டியே நகர்கிறது. எனக்கோ பக்கத்துக்குப் பக்கம் அப்பாவாக நடித்த தனுஷின் முகம்தான் தெரிந்தது. படம் தகப்பனைச் சுற்றிக் கட்டப்பட்டது. அவருடைய இளமைக் காலத்தை வெற்றிமாறன் பெரிதாக விரித்திருந்தார். அந்தப் பகுதி எப்போது வரும் என்று காத்துக்கொண்டே வாசித்தேன். நான் எதிர்பார்த்த உருவத்தில் அது வரவேயில்லை. அதற்குள், ஒளிந்திருக்கும் இடத்தில் அவர்கள் சோறு பொங்குவதும், தண்ணீர் தேடுவதும், மகன் கேட்டதற்கெல்லாம் அப்பா பொறுமையாகப் பதில் சொல்வதும் என் கண்ணில் பட்டும் மனசில் தங்காமல் போய்விட்டன. ஒரு வருடம் கழித்து மறுபடி வாசித்தபோதுதான் அந்தப் பையன் எனக்குக் கிடைத்தான். நல்ல படம் என்பதுதான் இதில் சிக்கலே. சுமாரான படமாக இருந்திருந்தால் இவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்காது.

‘பொன்னியின் செல்வன்’ விஷயத்தில் வரிசை மாறியது. அதைப் பள்ளி நாட்களிலேயே வாசித்திருந்தேன். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமேல் வரும் வந்தியத்தேவனும், அந்த ஏரியின் 74 கணவாய்களும் மனசில் ஊறிப்போனவை. 2022இல் மணிரத்னத்தின் முதல் பாகம் போர்க்களத்தில் தொடங்கியது. கொஞ்ச நேரம் மனசு ஏரிக்கரையையே தேடியது, உண்மைதான். அதற்குப் பிறகு வேறொரு சுகம் பிடித்துக்கொண்டது. அடுத்து என்ன நடக்கும் என்ற பதற்றம் இல்லாததால், எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்று பார்க்க முடிந்தது. கடம்பூர் மாளிகையில் ஒரு மரணம் நடக்கிறது. யார் கையால் என்பதைக் கல்கி இருட்டிலேயே விட்டுவிட்டார்; வாசித்தவர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். படமாக எடுப்பவருக்கு அந்த வசதி குறைவு. ஒரு முடிவுக்கு வந்துதான் கேமராவை வைக்க வேண்டும். 2023இல் இரண்டாம் பாகத்தில் அந்தக் காட்சி வந்தபோது, தேர்ந்த வாசகர் ஒருவர் ‘நான் இதை இப்படித்தான் புரிந்துகொண்டேன்’ என்று சொல்வதைக் கேட்பது போலிருந்தது. நாவலை வாசிக்காமல் போயிருந்தால் அது எனக்கு ஒரு சம்பவமாக மட்டுமே இருந்திருக்கும்.

என் அணிக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் ஒரு காரணத்தை மட்டும் என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. முதலில் வாசித்தால் முகங்கள் நம் சொந்தக் கற்பனையாக இருக்கும் என்பார்கள். 1950இல் கல்கி இதழில் ‘பொன்னியின் செல்வன்’ தொடராகத் தொடங்கியபோதே ஓவியர் மணியம் அந்த முகங்களை வரைந்துவிட்டார். ‘தில்லானா மோகனாம்பாள்’ 1968இல் படமாவதற்கு முன்பே, விகடனில் கோபுலுவின் கோடுகளில் மோகனா ஆடியிருந்தாள். ஆனாலும் ஓவியம் பேசாது, நடக்காது. குரலும் நடையும் வாசிப்பவர் பொறுப்பில்தான் இருந்தன. படம் அவற்றையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது.

எதிர் அணியிடமும் ஒரு நியாயம் உண்டு. ஐந்து பாகம், ஏகப்பட்ட பாத்திரங்கள், பழக்கமில்லாத பெயர்கள் என்றால் புதிதாக வாசிக்க வருபவர் முதல் நூறு பக்கத்திலேயே திணறிவிடுவார். படம் பார்த்திருந்தால் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முகம் தயாராக இருக்கும். அந்தப் பிடிமானத்தோடு முழு நாவலையும் முடித்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் போய் வரிசை தவறு என்று சொல்ல எனக்கு மனம் வராது.

துப்பறியும் நாவல் என்றால் யோசிக்கவே வேண்டாம், புத்தகம்தான் முதலில். ‘உதிரிப்பூக்கள்’ போன்ற படங்களில் எந்த வரிசையானாலும் சரி. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து கிளம்பிய மகேந்திரன் வெகுதூரம் போய்விட்டார், ஒன்று மற்றொன்றைக் கெடுக்காது.

வெளியீட்டுக்கு முந்தைய வாரம் உட்கார்ந்து அவசர அவசரமாக வாசிப்பதை மட்டும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வசனம் வசனமாக நினைவிருக்கும். தியேட்டரில் விடைத்தாள் திருத்துவது போல உட்கார்ந்திருப்போம். வாசித்து ஆறு மாதமாவது போகட்டும். அதற்குள் படம் வந்துவிட்டால் படத்தைத் தள்ளிப்போடுவேன், நாவலை அல்ல.