நெக் பிக்கப் மாற்றப் போகிறீர்களா? 'கிலோ ஓம்' பேச்சை நம்பிப் பணம் கொடுத்துவிடாதீர்கள்

எலெக்ட்ரிக் கிட்டாரில் நெக் பிக்கப் மாற்றும் யோசனையில் இருப்பவர்கள் ஒருமுறை இதைப் படித்துவிடுங்கள். பிக்கப் என்பது தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் காந்தமும் காயிலும். கழுத்துப் பக்கம் இருப்பது நெக் பிக்கப், தந்தி முடியும் பிரிட்ஜ் பக்கம் இருப்பது பிரிட்ஜ் பிக்கப். சென்னையில் கிட்டார் சர்வீஸ் செய்யும் ஒரு கடையில் எனக்கு நடந்தது. பெயர் வேண்டாம்.

நான் கேட்டது லெஸ் பால் மாடல் கிட்டாரின் நெக் இடத்துக்கு, கிப்ஸனின் பழைய பிஏஎஃப் பிக்கப் பாணியில், அல்னிகோ 2 என்ற உலோகக் காந்தம் வைத்த ஒரு ஹம்பக்கர் (இரண்டு காயில் கொண்ட பிக்கப்). கிளீனாக, அதாவது ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் இல்லாமல், கார்டு வாசிக்கத்தான். "இருக்கு சார், இம்போர்ட்டட்" என்றார்கள். மாட்டித் தர 9,000 ரூபாய். டெலிவரி அன்று கடையில் டிஸ்டார்ஷன் வைத்து அலறவிட்டுக் காட்டினார்கள். அந்தச் சத்தத்தில் எந்த பிக்கப்பும் நன்றாகத்தான் இருக்கும்.

வீட்டில் கிளீனாக வாசித்தால் கீழ் ஸ்வரங்கள் குமுறுகின்றன, கார்டில் எந்தத் தந்தியும் தனியாகக் கேட்கவில்லை. பிக்கப்பை இறக்கி வைத்தும் பிரிட்ஜைவிட நெக் பல மடங்கு சத்தம். இரண்டு பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்க ஸ்விட்ச்சை நடுவில் வைத்தாலோ மூக்கடைத்த மாதிரி மெலிந்த ஒலி. கடையில் சொன்னதற்கு, "புது பிக்கப் சார், வாசிக்க வாசிக்க செட் ஆகிடும்" என்றார்கள். அப்புறம் மல்டிமீட்டரை வைத்து, "பாருங்க, 15 கே. சாதாரண பிக்கப்ல 7, 8தான் வரும். உங்களுக்கு டபுள் பவர் குடுத்திருக்கேன்" என்று கடைக்காரர் பெருமையாக வேறு சொன்னார்.

இந்த 'டபுள் பவர்' பேச்சில்தான் ஏமாற்றே இருக்கிறது. 'கே' என்பது கிலோ ஓம், அதாவது காயிலின் மின்தடை. அந்த எண் சுற்றியிருக்கும் செப்புக் கம்பியின் நீளத்தையும் தடிமனையும் மட்டும்தான் சொல்லும். பைப்பின் நீளத்தை அளந்து எவ்வளவு தண்ணீர் வரும் என்று சொல்வது போன்ற கணக்கு இது. 42 கேஜுக்குப் பதில் 43 கேஜ் மெல்லிய கம்பியைச் சுற்றினால், சுற்று கூடாமலே ஓம் ஏறிவிடும். சுற்றையே கூட்டினால் மேல் ஒலி மங்கும். கிப்ஸனில் சேத் லவர் 1955இல் வடிவமைத்த அசல் ஹம்பக்கரில் (அதுதான் பிஏஎஃப்) ஒரு காயிலுக்குச் சுமார் 5,000 சுற்றுதான், பெரும்பாலும் 7 முதல் 8.5 கே வரை காட்டும். அதிலும் நெக் பக்கத்தில் தந்தி அகலமாக அதிர்வதால் அங்கே சத்தமும் பேஸும் தானாகவே அதிகம். அதனால்தான் செட்டாக விற்கும்போது நெக் பிக்கப்பை பிரிட்ஜைவிடக் குறைவாகச் சுற்றுகிறார்கள். நெக்குக்கு 15 கே என்பது பெருமைப்படும் விஷயமே இல்லை.

வேறொரு டெக்னீஷியன் மூடியின் சோல்டரை எடுத்துத் திறந்து பார்த்தார். உள்ளே கறுப்பு செராமிக் காந்தம். அல்னிகோ உலோகம், மின்சாரம் கடத்தும், செராமிக் கடத்தாது. மீட்டரின் இரு முனைகளையும் காந்தத்தில் வைத்தார், பீப் வரவில்லை. நடு ஸ்விட்ச் கோளாறுக்குக் காரணம் தலைகீழ் ஒயரிங். பிக்கப் கம்பெனிகளில் சீமோர் டங்கனில் கறுப்பு ஒயர்தான் ஹாட் (சிக்னல் போகும் ஒயர்), டிமார்ஸியோவில் சிவப்பு. கம்பெனி தெரியாத பிக்கப்பில் நிறத்தைப் பார்த்து சோல்டர் வைத்தால் இப்படித்தான் ஆகும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "சோல்டர் பண்ணின பொருளை ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்." சரி, என் பழைய பிக்கப்பையாவது கொடுங்கள் என்றால், "அதை அப்பவே தூக்கிப் போட்டாச்சு" என்கிறார். வேலை செய்துகொண்டிருந்த பிக்கப்பை யார் தூக்கிப் போடுவார்கள்? அதற்கும் ஒரு கஸ்டமர் கிடைத்திருப்பார்.

பில்லில் எழுதியிருப்பது 'பிக்கப் 1, சர்வீஸ்' என்று மட்டும். கம்பெனி இல்லை, மாடல் இல்லை, காந்தம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். நீங்கள் மாற்றக் கொடுத்தால் இந்த மூன்றையும் முதலிலேயே பில்லில் எழுதச் சொல்லுங்கள். மாட்டுவதற்கு முன் புது பிக்கப்பை உங்கள் கண் முன்னாலேயே மீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். கழற்றியதைக் கையில் வாங்கிய பிறகு பணம் கொடுங்கள்.