கேவின்: ஃபோகஸ் யாருக்கு என்று யார் முடிவு செய்வது?

கமிட் செய்தி (நிரல் மாற்றத்துக்கான குறிப்பு) அடித்துக்கொண்டிருக்கும்போது எங்கிருந்தோ ஒரு டயலாக் பெட்டி குதிக்கிறது. விரல் ஏற்கெனவே அழுத்திவிட்ட என்டர் அதன் ‘ஆம்’ பொத்தானில் போய் விழுகிறது. என்ன கேட்டது என்று படிப்பதற்குள் பெட்டி மறைந்துவிடும். விண்டோக்களை நிர்வகித்து, தட்டச்சு எந்த விண்டோவுக்குப் போக வேண்டும் (அதுதான் ஃபோகஸ்) என்று முடிவு செய்யும் விண்டோ மேனேஜரை எடைபோட இதைவிட நல்ல சோதனை கிடையாது. லினக்ஸ் டெஸ்க்டாப்பான கேடிஇ பிளாஸ்மாவின் விண்டோ மேனேஜர் கேவின் இதில் தேறும், ஆனால் நிறுவியது நிறுவியபடியே விட்டால் அல்ல.

சிஸ்டம் செட்டிங்ஸில் விண்டோ மேனேஜ்மென்ட், அதற்குள் விண்டோ பிஹேவியர், அதில் ஃபோகஸ் பகுதி. அங்கே ‘ஃபோகஸ் ஸ்டீலிங் பிரிவென்ஷன்’ (ஃபோகஸ் பறிப்புத் தடுப்பு) என்பதற்கு நன் (தடுப்பே இல்லை) முதல் எக்ஸ்ட்ரீம் வரை 5 நிலைகள். இயல்பாக இருப்பது லோ. புதிய விண்டோ பயனர் கேட்டு வந்ததா, தானாக வந்ததா என்று கேவினுக்குத் தெரியாதபோது, லோ நிலையில் சந்தேகத்தின் பலன் புதிய விண்டோவுக்கே போகும். பழைய திரை அமைப்பான எக்ஸ்11-இல், பயனர் எப்போது கேட்டார் என்று காட்டும் நேரமுத்திரை தராத பழைய நிரல்கள் இந்த வழியாகத்தான் நுழைகின்றன. மீடியத்தில் அந்தச் சலுகை இல்லை. எல்லோருக்கும் அதையே பரிந்துரைக்கலாம். எக்ஸ்ட்ரீம் வைத்தால், மெனுவில் நாமே திறந்த நிரலைக்கூட இன்னொரு முறை கிளிக் செய்ய வேண்டும். அது வேலைக்கு ஆகாது.

கட்டளைகளை அடிக்கும் டெர்மினலுக்கு மட்டும் கூடுதல் காவல் வேண்டுமா? அந்த விண்டோவில் ஆல்ட்+எஃப்3 அழுத்தி, மோர் ஆக்‌ஷன்ஸ் வழியாக அந்த விண்டோவுக்கான சிறப்பு அமைப்பைத் திறந்து, ‘ஃபோகஸ் புரொடெக்‌ஷன்’ பண்பைச் சேர்த்து, ஃபோர்ஸ், ஹை என்று வையுங்கள். பக்கத்திலேயே ‘ஃபோகஸ் ஸ்டீலிங் பிரிவென்ஷன்’ என்றும் ஒரு பண்பு இருக்கும், குழம்ப வேண்டாம். அது பறிக்க வரும் விண்டோவுக்குப் போடும் தடை. புரொடெக்‌ஷன், பறிகொடுக்கும் விண்டோவுக்கான காவல்.

எக்ஸ்11-க்கு மாற்றாக வந்த வேலண்டில் கணக்கு வேறு. ஒரு நிரல் இன்னொன்றை முன்னே கொண்டுவர, பயனரின் கிளிக்கிலிருந்து பிறந்த ஆக்டிவேஷன் டோக்கனை (முன்னே வருவதற்கான அனுமதிச் சீட்டு) கைமாற்ற வேண்டும். டெர்மினலில் லிங்க்கைச் சொடுக்கியும் பிரவுசர் முன்னே வராமல் டாஸ்க்பாரில் மட்டும் நிறம் மாறுகிறதா? இடையில் ஏதோ ஒரு ஸ்கிரிப்ட் அந்த டோக்கனைத் தொலைத்திருக்க வாய்ப்பு அதிகம். முதலில் அங்கே தேடுங்கள், பிறகு கேவினைக் குறை சொல்லலாம்.

மவுஸ் போகும் இடத்துக்கு ஃபோகஸும் போக வேண்டும் என்பவர்களுக்கு ‘ஃபோகஸ் ஃபாலோஸ் மவுஸ்’ நன்றாகவே வேலை செய்கிறது. இயல்பான தாமதம் 300 மில்லி விநாடி. வேகமாகத் தட்டச்சு செய்பவரின் முதல் ஒன்றிரண்டு எழுத்துகள் அதற்குள் பழைய விண்டோவில் விழுந்துவிடும். பூஜ்யமாக்கினாலோ, பாயிண்டர் கடந்துபோகும் ஒவ்வொரு விண்டோவும் ஃபோகஸைப் பிடுங்கும். 100 முதல் 150 வரை வைத்தால் இரண்டு தொல்லையும் குறையும்.

அதே பட்டியலில் உள்ள ‘ஃபோகஸ் அண்டர் மவுஸ்’, ‘ஃபோகஸ் ஸ்ட்ரிக்ட்லி அண்டர் மவுஸ்’ இரண்டையும் தொடாதீர்கள். ஆல்ட்+டாப் ஒழுங்காக வேலை செய்யாது, மேலே சொன்ன பறிப்புத் தடுப்பும் அவற்றில் செயல்படாது.