மாடல் டி-யா, மஸ்டாங்கா?

இரண்டும் ஃபோர்டு கார்கள்தான். ஆனால் 1908-இல் வந்த மாடல் டி-யை ஓட்ட, கற்ற டிரைவிங்கை மறந்துவிட வேண்டும். மூன்று பெடல்: இடது கியருக்கு, நடுவில் இருப்பது ரிவர்ஸுக்கு, வலது பிரேக்குக்கு. ஆக்சிலரேட்டர்? ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு கைப்பிடி! பெட்ரோல் பம்ப் கிடையாது; சீட்டுக்கு அடியிலுள்ள டாங்கிலிருந்து எஞ்சினுக்குத் தானாக இறங்க வேண்டும். அதனால் பெட்ரோல் குறைந்தால், டாங்க் எஞ்சினை விட மேலே இருக்கும்படி, செங்குத்தான மேட்டில் ரிவர்ஸில்தான் ஏற முடியும். இத்தனைக்கும் 20 குதிரைத்திறன்தான். ஆனாலும் ஒன்றரைக் கோடி வண்டிகள் விற்றன.

1964-இல் 2,368 டாலருக்கு வந்த மஸ்டாங், ஃபோர்டின் இன்னொரு காரான ஃபால்கனின் பாகங்களுக்கு மேல் போட்ட அழகான சட்டை. நீண்ட பானெட், கேட்டால் எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின். தினமும் ஓட்ட அதுவே சரி. பக்கத்தில் நின்று நோண்டிப் பார்க்க எனக்கு டி-தான்.