‘நோட்டீஸ் கொடுத்தாச்சு’ என்று சொன்னால் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்

பக்கத்து மனையில் பிளானை மீறிக் கட்டுகிறார்கள், மாநகராட்சியில் புகார் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் இதைப் படித்துவிடுங்கள். நான் எட்டு மாதம் அலைந்தவன்.

எங்கள் சுவரை ஒட்டி எழும்பிய கட்டடத்துக்கு அனுமதி தரைத்தளமும் இரண்டு மாடியும்தான். மூன்றாவது மாடிக்குக் கம்பி கட்டும்போதே, செட்பேக்கும் (கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய காலியிடம்) விடவில்லை, எங்கள் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அவர்கள் சுவரில் இடிக்கிறது என்று போட்டோவோடு ஆன்லைனில் புகார் போட்டேன். அன்று சாயங்காலமே மேஸ்திரி வாசலில் வந்து நிற்கிறார். “ஏன் சார், எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?” என் பெயர் அவருக்கு எப்படிப் போனது என்று கேட்டால் மாநகராட்சி ஏஇக்கு (உதவிப் பொறியாளர்) தெரியாதாம்.

ஒன்பதாம் நாள் “நோட்டீஸ் வழங்கப்பட்டது” என்று மெசேஜ், புகாரை முடித்துவிட்டார்கள். சென்ட்ரிங் அடிக்கும் சத்தம் மட்டும் முடியவில்லை. மறுபடி போட்டேன், வேறு ஏதோ வீட்டைப் போட்டோ எடுத்துப் போட்டு “விதிமீறல் இல்லை” என்று அதையும் முடித்தார்கள்.

அப்புறம்தான் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் நோட்டீஸ் நகல் கேட்டேன். 30 நாளில் பதில் தர வேண்டும், தரவில்லை, முதல் மேல்முறையீடு போட்டபிறகு வந்தது. நகர் ஊரமைப்புச் சட்டம் 57-ஆம் பிரிவில் வேலையை நிறுத்தச் சொல்லும் நோட்டீஸ் ஒன்றே ஒன்று, அதுவும் நான்காவது தளத்துக்குக் கான்கிரீட் போட்டபிறகு தேதியிட்டது! சீல் வைப்பதற்கான 56-ஆம் பிரிவு நோட்டீஸ் கொடுக்கவே இல்லை.

சண்டை போட்டு அதையும் கொடுக்க வைத்தேன். உடனே உரிமையாளர் அந்த நோட்டீஸை எதிர்த்து அதே சட்டத்தின் 80-ஏ பிரிவில் அரசுக்கு மனு போட்டுவிட்டார். இப்போது அலுவலகத்தில் எதைக் கேட்டாலும் “மனு பெண்டிங் சார், நாங்க கை வைக்க முடியாது.” பணி நிறைவுச் சான்று இல்லாமல் மின் இணைப்பு தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் சொன்னது, இங்கே மேல் மாடியில் ஏசியே ஓடுகிறது.

ஆகவே கான்கிரீட் போடுவதற்கு முன்பே, தேதி தெரியும் போட்டோக்களோடு பதிவுத் தபாலில் எழுதுங்கள், மின்வாரியத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். எந்தப் பிரிவில் நோட்டீஸ், என்ன தேதி என்று முதல் வாரமே தகவல் உரிமையில் கேட்டுவிடுங்கள். நான் கேட்டபோது கட்டடமே முடிந்திருந்தது. நேற்று மொட்டை மாடியில் தகரக் கொட்டகைக்குப் பைப் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.